கொட்டி முடியட்டும் என்று காத்திராதீர்கள்



ரொறன்ரோ, மார்க்கம் பக்கமிருந்து வடக்கே வந்து, பாரி, ஒரிலியா, மிட்லண்ட், கொலிங்வுட் ஊர்களின் சுற்றுப்புறத்தில் காணியோடு வீடு வாங்கியவர்களுக்காக எழுதும் மடல் இது. வீதியிலிருந்து வாசலுக்கு எண்பது, நூறு மீற்றர் தூரம் உள்ளவர்கள் நீங்கள். நகரத்து வீட்டில் போதுமாயிருந்த சின்ன ஸ்னோ புளோவர் இந்த நீளத்துக்கு ஈடுகொடுக்காது என்று கண்டு, நாலு சில்லும் இழுக்கிற சைட்-பை-சைட் வண்டியொன்றை வாங்கி, அதன் முன்னால் பிளேட் பூட்டியிருக்கிறீர்கள். நல்ல முடிவுதான், கோடையில் விறகும் மண்ணும் ஏற்றலாம், குளிர்காலத்தில் பனி தள்ளலாம். ஆனால் பாரமான பனி விழுகிற நாளில் அந்த வண்டி திணறுகிறது. உடனே எஞ்சினின் வலு போதாது என்ற முடிவுக்கு வந்து, அடுத்த பருவத்துக்கு இன்னும் பெரிய மொடல் தேடுகிற வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: திணறுவது எஞ்சின் அல்ல, ரயர். ரயரின் பிடிக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. அந்த வரம்பைக் காசு கொடுத்துக் கொஞ்சம் உயர்த்தலாம். அதற்குமேல் நம் கையில் இருப்பது, ஒரு தடவையில் எவ்வளவு பனியை அதன் முன்னால் வைக்கிறோம் என்பது மட்டுமே. ஆகவே கொட்டும்போதே தள்ளவேண்டும்.

நாம் வந்து குடியேறியிருக்கும் இடத்தின் இயல்பை முதலில் பார்க்கலாம். வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று ஹியூரன் ஏரியையும் ஜோர்ஜியன் குடாவையும் கடக்கும்போது, இன்னும் உறையாத நீரிலிருந்து வெப்பத்தையும் ஈரத்தையும் அள்ளிக்கொள்கிறது. கரையேறியதும் அதைப் பனியாகக் கொட்டுகிறது. ஒடுங்கிய பட்டைகளாக இறங்குவதால் ஓர் ஊரில் வெயில் எறிக்க, சில கிலோமீற்றர் தள்ளி வாகனத்தின் முன்கண்ணாடிக்கு அப்பால் ஒன்றுமே தெரியாமல் கொட்டும். ரொறன்ரோவில் ஒரு பருவம் முழுக்க விழுவது ஒரு மீற்றரை ஒட்டியது. பனிப்பட்டை ஊர்களில் இரண்டு மீற்றரைத் தாண்டுவது வழமை. 2024 நவம்பர் இறுதியில் கிரேவன்ஹர்ஸ்ற் பகுதியில் சில நாட்களுக்குள் ஒரு மீற்றருக்கு மேல் கொட்டி, நெடுஞ்சாலை 11 மூடப்பட்டு, அவசரநிலை அறிவிக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அது பருவத்தின் தொடக்கம் என்பதைக் கவனியுங்கள். நவம்பரிலும் டிசம்பரிலும் ஏரி இன்னும் இளஞ்சூட்டோடு இருக்கும், நிலமட்டத்து வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி நிற்கும். அப்போது விழுவது பெரும்பாலும் ஈரப்பனி. ஜனவரிக் கடுங்குளிரின் உலர்பனியை நினைத்து வாங்கிய வண்டி, முதல் சோதனையையே ஈரப்பனியில்தான் எழுதவேண்டியிருக்கிறது.

பனியின் ஆழத்தைச் சொல்கிறோம், எடையைச் சொல்வதில்லை. வானிலை அறிக்கையும் சென்ரிமீற்றரில்தான் பேசும். புதிதாய் விழுந்த உலர்பனி ஒரு கனமீற்றர் 50 முதல் 100 கிலோ இருக்கும். ஈரப்பனி 200 கிலோவைத் தொடும். கிடந்து அமுங்கி இறுகியது 300க்கும் மேலே போகும். எண்பது மீற்றர் நீளமும் நாலு மீற்றர் அகலமும் உள்ள ட்ரைவ்வேயில் 30 சென்ரிமீற்றர் விழுந்தால் அது 96 கனமீற்றர். உலர்பனியானால் ஏழெட்டுத் தொன். ஈரப்பனியானால் பத்தொன்பது தொன். இரண்டு நாளும் யன்னலுக்கு வெளியே ஒரே காட்சிதான் தெரியும்.

இப்போது வண்டியைப் பார்ப்போம். வழக்கமான சைட்-பை-சைட் ஒன்று 700, 800 கிலோ. பிளேட், அதைத் தூக்கும் வின்ச், ஓட்டுபவர் எல்லாம் சேர 950 கிலோ என்று வைப்போம். அமுங்கிய பனியில் ரயரின் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.2க்கும் 0.3க்கும் இடையில், ஐஸ் படர்ந்த தரையில் 0.1க்கு இறங்கிவிடும். நாலு சில்லும் இழுத்தாலும், சமதரையில், அமுங்கிய பனியில், குணகத்தின் நடுவளவை எடுத்தால், அந்த வண்டி தள்ளக்கூடிய அதிகபட்ச விசை 240 கிலோ பாரத்துக்குச் சமம். நூற்றுக்கு எட்டு என்ற மிதமான ஏற்றத்தில் அதிலிருந்து 76 கிலோ வண்டி தன்னைத்தானே மேலே கொண்டுபோகச் செலவாகிறது. அதே ஏற்றத்தில் ஐஸ் இருந்தால் மிஞ்சுவது இருபது கிலோகூட இல்லை. எஞ்சின் இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை என்பதைப் பாருங்கள். வரவேண்டுமென்றால் இப்படி வரும்: 240 கிலோ விசையோடு மணிக்கு எட்டுக் கிலோமீற்றர் வேகத்தில் தள்ளத் தரைக்கு வேண்டிய வலு ஏழு குதிரைவலு. கியரிலும் பெல்ற்றிலும் வீணாவதைச் சேர்த்து அதை இரட்டிப்பாக்கினாலும், விற்பனைக்கூடத்தில் விளம்பரப்படுத்தும் அறுபது, எண்பது குதிரைவலுவில் பெரும்பகுதி பனி தள்ளும்போது சும்மா இருக்கிறது. பெரிய எஞ்சின் செய்வதெல்லாம் சில்லை இன்னும் வேகமாகச் சுழலவிட்டு, அடியிலுள்ள பனியைப் பளபளப்பாக்கி ஐஸ் ஆக்குவதுதான்.

பிளேட்டை நேராக வைத்துத் தள்ளினால் பனி முன்னால் குவிந்துகொண்டே போகும். 1.8 மீற்றர் பிளேட், 30 சென்ரிமீற்றர் ஈரப்பனி என்றால் ஒவ்வொரு மீற்றர் முன்னேற்றத்துக்கும் 108 கிலோ சேரும். அந்தக் குவியலை நகர்த்த அதன் எடையில் மூன்றிலொரு பங்கு விசை போதும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஏழு மீற்றர் போவதற்குள் வண்டி நின்றுவிடும். அதே பனியைப் பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்தில் தள்ளினால் இருபது மீற்றர் போகலாம். பிளேட்டைச் சாய்த்துவைத்தால் பனி பக்கவாட்டில் உருண்டு விழுந்துகொண்டே இருக்கும், நிற்கவே தேவையில்லை. மொத்தமாக நகர்த்தும் எடை ஒன்றுதானே, மூன்று தடவை போனால் என்ன லாபம் என்று கேட்கலாம். மொத்த எடை ஒன்றுதான். ஆனால் வரம்பு இருப்பது மொத்தத்துக்கு அல்ல, ஒரு தடவைக்கு. ஐம்பது கிலோ அரிசி மூட்டையைத் தூக்க முடியாதவர் அதையே பத்துப் பத்துக் கிலோவாக உள்ளே கொண்டுபோய்விடுவார்.

காத்திருப்பதால் வேறொரு நட்டமும் உண்டு. கிடக்கும் பனி அப்படியே இருப்பதில்லை. நியூயோர்க் மாநிலத்தில், ஒன்ராறியோ ஏரிக்குக் கிழக்கே ரக் ஹில் மேட்டுநிலத்தில் மொன்ரேக் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1997 ஜனவரியில் 24 மணித்தியாலத்தில் 77 அங்குலம், அதாவது 196 சென்ரிமீற்றர், பனி விழுந்ததாக அளந்து அறிவித்தார்கள். அது அமெரிக்காவின் தேசிய சாதனையாகியிருக்கும். 1921இல் கொலராடோவின் சில்வர் லேக்கில் பதிவான அளவை மிஞ்சியது. ஆனால் ஆராய்ந்த குழு அதை ஏற்கவில்லை. காரணம், அளவுப் பலகையை ஒரே நாளில் ஆறு தடவை துடைத்து அளந்திருந்தார்கள். விதிப்படி நாலு தடவைக்கு மேல் கூடாது. அடிக்கடி துடைத்தால் பனி தன் பாரத்தால் அமுங்குவதற்குள் அளந்துவிடுவீர்கள், கூட்டுத்தொகை உயர்ந்துவிடும் என்பதே தர்க்கம். சாதனைப் புத்தகத்துக்கு அது குறையாக இருக்கலாம்; நமக்கு அது பாடம். பனி கிடக்கக் கிடக்க ஆழம் குறைகிறது, எடை ஒரு கிலோகூடக் குறைவதில்லை. பஞ்சாக இருந்தது பலகையாகிறது. இதற்குமேல், துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் மெல்ல ஒட்டி இணைகின்றன. காற்றோ பிளேட்டோ ஒருமுறை கலக்கிவிட்ட பனியில் இந்த இணைவு இன்னும் வேகமாக, சில மணித்தியாலத்துக்குள்ளேயே நடந்துவிடும். நேற்று மாலை ஓரத்தில் தள்ளிவிட்ட குவியல் இன்று காலை சுவராக நிற்பது இதனால்தான். அந்தச் சுவரில் வேகமாக மோதினால் வண்டியின் மூக்கு மேலே ஏறி, வயிறு பனியில் உட்கார்ந்து, நாலு சில்லும் அந்தரத்தில் சுற்றும். மீட்க வின்ச் வேண்டும்; வின்ச்சிலோ பிளேட் தொங்கிக்கொண்டிருக்கும்.

பிளேட்டும் இதே கதையைத்தான் சொல்கிறது. பிளேட்டின் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்குகள், மறைந்திருக்கும் கல்லிலோ வேரிலோ இடித்தால் பிளேட் முன்னே மடங்கிக் கொடுத்து, வண்டியையும் ஓட்டுபவரையும் காப்பதற்காக உள்ளவை. ஆழமான ஈரப்பனியில் கல் எதுவும் இல்லாமலே அவை மடங்கத் தொடங்கும். பிளேட் குப்புறச் சாய்ந்து பனிமேல் ஏறிப்போகும். உடனே ஸ்பிரிங்கை இறுக்கிவிடத் தோன்றும். இறுக்கினால் அந்தப் பனியைத் தள்ளிவிடலாம். ஆனால் அடுத்த கல்லில் பிளேட் மடங்காது, இடியெல்லாம் வண்டியின் சட்டகத்துக்கும் உங்கள் மார்புக்கும் வரும். மடங்கும் பிளேட் பழுதான பிளேட் அல்ல, ஒரு தடவைக்கு அளவுக்கு மீறி எடுத்துவிட்டீர்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. அகலத்திலும் ஒரு பொறி உண்டு. 66 அங்குலப் பிளேட்டை முப்பது பாகை சாய்த்தால் அது துடைக்கும் அகலம் 145 சென்ரிமீற்றர். வண்டியோ 160 சென்ரிமீற்றர் அகலம். அப்படியானால் ஒரு பக்கத்து ரயர்கள் தள்ளாத பனிமேல் ஏறி அதை அமுக்கிக்கொண்டே போகின்றன. 72 அங்குலப் பிளேட்கூடச் சாய்த்தால் வண்டியின் அகலத்தைச் சற்றே எட்டாமல்தான் நிற்கும். பத்துச் சென்ரிமீற்றர் பனியில் இது ஒரு பொருட்டல்ல. முப்பதில் அந்தத் தடம் அடுத்த நாள் ஐஸ் தண்டவாளமாகிவிடும்.

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது நியாயமானது: அதிகாலையில் நெடுஞ்சாலை 400இல் இறங்கி ரொறன்ரோவுக்கு வேலைக்குப் போகிறவர் எப்படிக் கொட்டும்போதே தள்ளுவார்? எல்லா நேரமும் வண்டியில் இருக்கச் சொல்லவில்லை. படுக்குமுன் ஒருதரம், விடிய எழுந்ததும் ஒருதரம் தள்ளினாலே முப்பது பதினைந்தாகிறது. பகலில் வீட்டில் நிற்கும் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது. ஒருவரும் இல்லாமல் மாலையில் முழு ஆழத்தையும் எதிர்கொள்ள நேர்ந்தால், அதையும் சிறிதாக்கிக்கொள்ளலாம்: பிளேட்டின் பாதி அகலத்தை மட்டும் பனிக்குள் வைத்து, மறுபாதியை ஏற்கெனவே துடைத்த தரையில் ஓடவிடுங்கள். சில்லுகளும் துடைத்த தரையில் நிற்கும். நேரம் இரட்டிப்பாகும், ஆனால் வேலை முடியும். தள்ளித் தள்ளி மறுபடி மூடிப்போகிறதே, வீண்வேலை அல்லவா என்பது அடுத்த மறுப்பு. மாகாண நெடுஞ்சாலைகளில் பனி தள்ளும் லொறிகள் கொட்டி முடியும்வரை காத்திருப்பதில்லை. நம்மைவிடப் பலமடங்கு பாரமும் வலுவும் கொண்ட வாகனங்களே அப்படிச் செய்கின்றன. இரண்டு கார் நிற்கிற நகரத்து முற்றத்தில் பனி நின்றபின் ஒருதரம் அள்ளுவது பொருந்தும். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்ததில்தான் பிழை.

அடிக்கடி ஓடினால் வண்டி தேயும், எண்ணெய்ச் செலவு கூடும் என்கிறவர்கள், எது வண்டியைத் தேய்க்கிறது என்று பார்க்கவேண்டும். இவ்வண்டிகளில் பலவற்றில் எஞ்சினிலிருந்து கியருக்கு வலுவைக் கொண்டுபோவது ஒரு ரப்பர் பெல்ற். பாரமான பனியில் முட்டி நின்று, உயர் கியரில், சில்லு அசையாமல் எஞ்சின் மட்டும் முறுக்கும்போதுதான் அது வழுக்கிச் சூடாகி எரிகிறது. கருகிய ரப்பர் மணம் வந்தால் செலவு தொடங்கிவிட்டது என்று பொருள். லோ கியரில் ஆழமில்லாத பனியில் அரைமணி ஓடுவது அதற்குக் கேடு செய்யாது. குபோற்றாவின் ஆர்.ரி.வி. போன்ற சிலவற்றில் பெல்ற்றுக்குப் பதில் ஹைட்ரோலிக் முறை இருக்கிறது; அவை பாரமும் கூடியவை, ஆகவே தள்ளும் வேலைக்குப் பொருத்தம். அங்கேயும் பிடி பிடிதான். அடிக்கடி ஓடுவதால் உண்மையாகவே தேய்வது வின்ச். ஒவ்வொரு முறை பிளேட்டைத் தூக்கும்போதும் அதே ஒரு முழக் கம்பிதான் மடிந்து நிமிர்கிறது, இரும்புக்கம்பி சீக்கிரமே நார்நாராகும். அந்த இடத்துக்குச் செயற்கை நார்ப் பட்டி போட்டால் பிரச்சினை பாதியாகும். பற்றரியையும் இரவில் சார்ஜரில் விட்டுவைக்க வேண்டும், மெதுவாக ஓடும் வண்டி வின்ச் குடிப்பதைத் திருப்பி நிரப்பாது. இவ்வளவையும் சேர்த்தாலும் ஒரு பெல்ற் மாற்றும் செலவுக்கும், பனிக்குள் நின்று அதை மாற்றும் பாட்டுக்கும் முன்னால் சிறிதுதான்.

பிடியைக் காசு கொடுத்து உயர்த்தலாம் என்று சொன்னேன். எதற்குக் கொடுப்பது என்பதையும் சொல்லவேண்டும். பெரிய எஞ்சினுக்குக் கொடுக்கும் மேலதிகத் தொகையில் ஒரு சிறு பங்குக்கு நாலு சில்லுக்கும் செயின் வாங்கலாம். பின்பெட்டியில் நூறு, நூற்றைம்பது கிலோ மணல் மூட்டைகளை இறுக்கிக் கட்டலாம். பிளேட்டின் பாரத்தால் முன்பக்கம் அமுங்கிப் பின்சில்லுகள் இலேசாகிவிடுவதை அது ஈடுசெய்யும், உராய்வு எடையோடு சேர்ந்தே ஏறும். ஐஸ் ஏற்றத்தில் செயின் செய்யும் வேலையை எந்தக் குதிரைவலுவும் செய்யாது. கல் பரவிய ட்ரைவ்வே உள்ளவர்கள் தரை உறையும்வரை பிளேட்டின் அடிப்பாதங்களைச் சற்று உயர்த்திவைத்து, முதல் பனியில் இரண்டு மூன்று சென்ரிமீற்றரை விட்டுவைத்து அமுக்கிவிடுங்கள். அது உறைந்து தளமாகும். இல்லாவிட்டால் வசந்தத்தில் புல்லுக்குள்ளிருந்து கல் பொறுக்கவேண்டிவரும்.

கொன்ராக்ரரைக் கூப்பிட்டுவிட்டால் என்ன என்றும் கேட்கிறார்கள். தாராளமாகக் கூப்பிடலாம், மூன்று தொன் பிக்கப் வாகனத்துக்கு மூன்று மடங்கு பிடி இருக்கிறது, என் கணக்கு அதற்கும் பொருந்தும். ஆனால் பனிப்பட்டை கொட்டுகிற இரவில் அவருக்கு இருபது வீடு இருக்கும், உங்கள் வீடு எத்தனையாவது என்பது உங்களுக்குத் தெரியாது. நான் உண்மையாகவே விட்டுக்கொடுக்கும் ஒரு மறுப்பு உண்டு. பனியை அடிக்கடி தள்ளினாலும் அது எங்கேயோ போய்ச் சேரவேண்டும். பிளேட் அதை நகர்த்துமே தவிரத் தூக்காது. கிரேவன்ஹர்ஸ்ற்றில் கொட்டியதுபோல ஒரு மீற்றருக்கு மேல் வந்தால், அல்லது ட்ரைவ்வேயின் இருபுறமும் மரமோ வேலியோ நெருங்கி நின்றால், ஓரம் நிறைந்துவிடும். அங்கே பனியை எறிகிற பெரிய புளோவர்தான் கருவி. நல்ல ட்ராக்ரர் வைத்திருக்கும் அயலவரோடு முன்கூட்டியே பேசிவைப்பதில் வெட்கமில்லை.

அப்படி நெருக்கடி இல்லாத மற்றவர்களுக்கு ஓரம் நிறைவது பனியால் மட்டுமல்ல, சோம்பலாலும். நவம்பரில் விழும் முதல் பனியை ட்ரைவ்வேயின் விளிம்பிலேயே விட்டுவிட்டால், இறுகிய அந்த வரம்புதான் பருவம் முழுவதுக்கும் உங்கள் சுவர். ஒவ்வொரு தள்ளுதலுக்கும் பாதை ஒடுங்கி, பெப்ரவரியில் எண்ணெய் லொறி உள்ளே வரமுடியாமல் போகும். முதல் சில தடவை, பனி இன்னும் இளகியிருக்கும்போதே, விளிம்பைத் தாண்டி ஒரு மீற்றர் தள்ளிப்போட்டுவிடுங்கள். பின்னால் போகும்போது திரும்பிப் பாருங்கள், பிள்ளைகள் அந்தக் குவியலுக்குள் குகை தோண்டி விளையாடுவார்கள். வீதிக்குக் குறுக்கே தள்ளி எதிர்ப்பக்கம் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் 181ஆம் பிரிவு அனுமதியின்றி வீதியில் பனி போடுவதைத் தடுக்கிறது, எதிர்வீட்டாரும் தடுப்பார்கள். வீதி லொறி வந்து வாசலில் மூடிவிட்டுப்போகும் உப்புக் கலந்த பார வரம்புக்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டிலிருந்து வீதியைப் பார்த்து நின்றால் லொறி இடப்பக்கமிருந்து வரும். வாசலுக்குச் சற்று முன், அந்த இடப்பக்கத்து வீதியோரத்தில், ஒரு வண்டி நீளத்துக்கு இடத்தைத் துடைத்துப் பள்ளமாக்கி வையுங்கள். லொறியின் பிளேட் சுமந்துவரும் பனியில் பெரும்பகுதி அங்கே விழுந்துவிடும், உங்கள் வாசலுக்கு மிச்சம்தான் வரும். இதற்கெல்லாம் பனிக்கடியில் எது எங்கே இருக்கிறதென்று தெரியவேண்டும். குறிகம்புகளை நிலம் உறையுமுன், ஒக்ரோபர் கடைசிக்குள், அடித்துவிடுங்கள். ட்ரைவ்வேயின் விளிம்பில் ஒரு வரிசையும், பனி போய்ச் சேரவேண்டிய எல்லையில், ஒரு மீற்றர் தள்ளி, இன்னொரு வரிசையும்.

அன்புடன்,
ஓர் அயலவர்